ரீடிங் லாக் பரீட்சைத் தாள் அல்ல

ஆங்கிலம் கற்கும் பிள்ளை தான் படித்த கதைப் புத்தகங்களைக் குறித்து வைக்கும் நோட்டுதான் ரீடிங் லாக். அதற்கென்று ஆசிரியர்களுக்கு இணையத்தில் பகிரப்பட்ட அந்தப் படிவத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். 14 கட்டங்கள். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு பக்கச் சுருக்கம், 10 புதுச் சொற்கள் பொருளோடு, கதை சொல்லும் நீதி, பெற்றோர் கையெழுத்து, கடைசியில் மதிப்பெண். அந்தப் பதிவின் கீழே வரிசையாகப் பாராட்டுகள். எனக்கு மனசு ஆறவில்லை.

இதை நிரப்ப ஒரு பிள்ளைக்கு முக்கால் மணி நேரமாவது ஆகும். அதற்குள் இன்னொரு அத்தியாயத்தைப் படித்து முடித்திருக்கலாம். லாக் எழுத 3 நிமிடம் போதும். அதற்கு மேல் ஆனால் படிவம்தான் தப்பு.

அந்தப் 10 சொல் கட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். யார் துணையும் இல்லாமல் ஒரு கதையைப் புரிந்து படிக்க, 100 சொல்லில் 98 தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்வள ஆய்வாளர்கள் ஹூ, நேஷன் இருவரும் 2000-லேயே எழுதிவிட்டார்கள். வேகமும் சரளமும் வர, புதுச் சொல்லே இல்லாத புத்தகமும் வேண்டும். அப்படி ஒன்றை எடுத்த பிள்ளை 10 சொல்லுக்கு எங்கே போகும்? அடுத்த தடவை கடினமான புத்தகத்தை எடுக்கும், பென்சிலோடு வரிக்கு வரி நிற்கும். நாமே வாசிப்பை நிறுத்திவிட்டோம்.

தேதி, புத்தகம், அதன் கடின நிலை, எந்தப் பக்கம் முதல் எந்தப் பக்கம் வரை, எத்தனை நிமிடம், எளிதா சரியா கடினமா, மனசில் பட்டது ஒரு வரி. இவ்வளவுதான் லாக். அந்த ஒரு வரி தாய்மொழியில் இருந்தாலும் பரவாயில்லை.

இதில் எல்லாமே தெரியும். பக்கத்துக்கு 150 சொல் என்றால், 15 நிமிடத்தில் 12 பக்கம் படிப்பது நிமிடத்துக்கு 120 சொல். அடுத்த வாரம் அதே 15 நிமிடத்தில் 5 பக்கம்தான் என்றால் வேகம் 50-க்கு இறங்கிவிட்டது. அது சோம்பல் இல்லை, புத்தகம் கடினம். ஆங்கிலம் கற்போருக்கு நிலை நிலையாக எழுதப்பட்ட ஆக்ஸ்ஃபோர்டு புக்வார்ம்ஸ் கதை வரிசையில் 700 தலைச்சொல் (அகராதியில் தனிப் பதிவாக வரும் அடிப்படைச் சொல்) கொண்ட 2-ஆம் நிலையில் திணறினால், 400 கொண்ட 1-ஆம் நிலைக்கு இறக்குங்கள். 14 கட்டத்தில் இந்த நிமிடக் கணக்குக்கு மட்டும் இடம் இல்லை!

"மதிப்பெண் இல்லாவிட்டால் எழுத மாட்டார்கள்" என்பீர்கள். மதிப்பெண் போட்டால் எழுதுவார்கள், படிப்பார்களா? பின்னட்டைச் சுருக்கம் அப்படியே வரும். ஒரு மாதத்துப் பதிவும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே இரவில் எழுதியதாக இருக்கும். வகுப்பின் கடைசி 3 நிமிடத்தை லாக்குக்கு ஒதுக்குங்கள், அந்தத் தொல்லையே வராது.

50 பேரா? நாளுக்கு 10 நோட்டு, 5 நாளில் முடிந்தது. நிர்வாகம் ஆதாரம் கேட்கிறது என்பது மட்டும் நியாயமான கவலை. மாத முடிவில் மொத்தப் பக்கக் கணக்கைக் கொடுங்கள்.

இதைச் சொன்னால் "திருத்தச் சோம்பல்" என்று பெயர். வலிக்கிறது. நோட்டுக்கு ஒரு வரி பதில் எழுதுவது டிக் அடிப்பதை விட அதிக வேலை. "அந்த நாய் செத்திருக்கக் கூடாது" என்று ஒரு பிள்ளை எழுதியிருக்கும். அதன் கீழே சிவப்பு மையில் எழுத்துப்பிழையைச் சுழிக்காதீர்கள். வேறு எப்படி முடிந்திருக்கலாம் என்று கேட்டு எழுதுங்கள். பதில் அடுத்த பக்கத்தில் வரும்.