நர்சம்மா வரும் நேரத்தில் ஆம்பளைங்க வீட்டில் இருப்பதில்லை

தமிழ்நாட்டின் கருவள விகிதம், அதாவது ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை, 1.8 என்று பெருமையாகப் பகிர்கிறோம். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொன்ன எண். அதே கணக்கெடுப்பில் இன்னொரு விவரமும் இருக்கிறது, அதை மட்டும் யாரும் பகிர்வதில்லை. 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்டது? நூற்றுக்கு ஒன்றுகூட தேறாது. அந்த 1.8 முழுக்க பொம்பளைங்க வயிற்றைக் கிழித்து வாங்கியது.

என் சித்தி கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். லீவு நாட்களில் அவரோடு வீடு வீடாகப் போயிருக்கிறேன். காலை பத்து, பதினொரு மணிக்குத்தான் சுற்று. திண்ணையில் உட்கார்ந்து பிரஷர் பார்ப்பார், இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார், அப்படியே "ரெண்டு ஆச்சே, அடுத்து என்ன யோசனை?" என்பார். பதில் மாமியாரிடமிருந்து வரும்: "பிரசவத்தோடயே இவளுக்குப் பண்ணிவிட்ரலாம் நர்சம்மா. அவன் பாரம் தூக்குற புள்ள, அவனுக்கெல்லாம் வேணாம்." நிறைமாத மருமகள் இடுப்பில் தண்ணிக்குடத்தோடு படியேறி வந்துகொண்டிருப்பாள். அந்தக் குடம் பாரத்தில் சேராது போல.

ஆணுக்குச் செய்யும் தழும்பில்லாக் கருத்தடைக்குக் கத்தியே வேண்டாம். மரத்துப்போக ஒரு ஊசி, சின்னதாக ஒரு துளை, தையல் கிடையாது, அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம். மூன்று மாதம் ஆணுறை, அப்புறம் விந்துப் பரிசோதனை, அவ்வளவுதான். ஆண்மைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அரசு கொடுக்கும் ஊக்கத்தொகையும் பெண்ணைவிட ஆணுக்கே அதிகம். பெண்ணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும். 2014-ல் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பக்கம் ஒரே முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார்கள், அதில் பத்துப் பேருக்கும் மேல் செத்தார்கள். இரண்டு வருஷம் கழித்து உச்ச நீதிமன்றம் அந்த மாதிரி முகாம்களையே நிறுத்தச் சொன்னது.

ஆண்கள் எப்போதுமே இப்படி ஒதுங்கியவர்கள் இல்லை. 1971-ல் எர்ணாகுளத்தில் ஒரே மாத முகாமில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் செய்துகொண்டார்கள். எமர்ஜென்சி வந்தது. 1976-77-ல் நாடு முழுக்க அறுபது லட்சத்துக்கும் மேல், எத்தனையோ பேரைப் பிடித்துக்கொண்டு போய்ச் செய்தார்கள். ஆட்சியே கவிழ்ந்தது. அதற்குப் பிறகு ஆணிடம் இந்தப் பேச்சை எடுக்க எந்தக் கட்சிக்கும் தைரியம் வரவில்லை. பெண்ணிடம் கேட்டால் ஓட்டுப் போகாது என்று தெரிந்துகொண்டார்கள்.

இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே இடைவெளி விடும் விஷயமும் இப்படித்தான். 2017-லிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசியும், முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று என்று போடும் சாயா மாத்திரையும் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். கல்யாணமான மூன்றாவது மாதமே "விசேஷம் உண்டா?" என்று கேட்கும் வீட்டில் இதை எந்த மருமகள் வாயைத் திறந்து கேட்பாள்? புருஷனுக்கும் விவரம் தெரிந்தால்தான் அவளுக்குப் பக்கத்துணை.

செவிலியரைக் குறை சொல்லவில்லை. கர்ப்பிணிப் பதிவு, தடுப்பூசி, போனில் ஏற்ற வேண்டிய கணக்கு என்று அவர்கள் தலையில் ஏற்கெனவே மூட்டை. நான் கேட்பது சுகாதார ஆய்வாளரை. அவர் ஆண். டெங்கு சீசனில் தொட்டி தொட்டியாக எட்டிப் பார்க்கிறவர்; டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு எல்லாம் அவருக்குப் பழக்கம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அங்கே நாலு பேரிடம் பேச அவரால் முடியாதா? ஆபரேஷன் செய்துகொண்ட ஒருத்தரைக் கூட அழைத்துப் போனால் பாதி பயம் அங்கேயே தெளியும்.

வருஷா வருஷம் நவம்பர் கடைசியில் ஆண் கருத்தடை இருவார விழா என்று பிளெக்ஸ் வைக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் போன தடவை அதைக் கட்டியிருந்தது பிரசவ வார்டு வாசலில்.