இலவம் பூ வாலும் ஐந்து ராட்சத விமானங்களும்

விமானப் பிரியர்கள் குழுவில் நேற்று இரவு ஒரு வாக்குவாதம். துணை நிறுவனங்களையும் சேர்த்தால் தொள்ளாயிரம் விமானங்களுக்கு மேல் வைத்திருக்கிற சைனா சதர்ன் என்ற சீன விமான நிறுவனத்துக்கு, ஏர்பஸ்ஸின் இரண்டு மாடி ராட்சத விமானமான ஏ380-இல் வெறும் ஐந்தைக் கட்டி மேய்க்கத் தெரியவில்லையா என்று ஒரு தம்பி கேட்டான். எனக்கு ஏ380 என்றால் உயிர். ஆனாலும் சொல்கிறேன், அதை அவர்கள் வாங்கியிருக்கவே கூடாது.

இந்த நிறுவனத்தின் ஊர் குவாங்சோ. அந்த நகரத்தின் பூ, நாம் முள்ளிலவு என்று சொல்கிற அதே மரத்தின் பூ. இலையே இல்லாத கிளையில் சிவப்பாகப் பூத்து, முழுசாகப் பொத்தென்று தரையில் விழும். அங்கே அதைப் பொறுக்கிக் காயவைத்து சூப்பிலும் மூலிகைத் தேநீரிலும் போடுவார்கள். சைனா சதர்னின் நீல வாலில் இருக்கும் சிவப்புப் பூ அதுதான். இலவு காத்த கிளி கதை தெரிந்த யாரும் அதை லோகோவாக வைக்கத் துணிய மாட்டார்கள்!

2011 அக்டோபரில் முதல் ஏ380 வந்தது. சீனாவில் வேறு எந்த நிறுவனமும் அதை வாங்கவில்லை. 506 இருக்கை, நான்கு எஞ்சின். அவ்வளவு பேரைத் தினமும் ஏற்ற வேண்டுமானால் பெய்ஜிங்கிலிருந்து பாரிஸ் மாதிரி ஒரு தடம் வேண்டும். ஆனால் நெடுந்தூரத் தடம் ஒன்றுக்கு ஒரு சீன நிறுவனம்தான் என்பது அப்போதைய அரசுக் கொள்கை. பெய்ஜிங்கின் கொழுத்த தடங்களெல்லாம் ஏர் சைனா கையில். அதனால் கண்டம் தாண்டப் பிறந்த விமானம் பெய்ஜிங்குக்கும் குவாங்சோவுக்கும் இடையில் மூன்று மணி நேர டவுன் பஸ் ஆனது. ஓராண்டு கழித்து லாஸ் ஏஞ்சலஸ், அப்புறம் சிட்னி. குவாங்சோ பெரிய ஊர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நெடுந்தூரப் பயணிகளை இழுத்துக்கொள்ளக் கூப்பிடு தூரத்தில் ஹாங்காங் இருக்கிறதே.

2019 செப்டம்பர் 25 அன்று பெய்ஜிங்கில் டாசிங் விமான நிலையம் திறந்தது. தலைநகரில் சைனா சதர்னுக்குக் கடைசியில் தனக்கென்று ஒரு பெரிய இடம். அங்கிருந்து கிளம்பிய முதல் பயணிகள் விமானமே இவர்களுடைய ஏ380. எங்கே போனது? குவாங்சோவுக்கு! சில மாதங்களில் கொரோனா வந்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், அந்த விமானத்துக்குப் பொருத்தமான வேலை கிடைத்தது கொரோனாவில்தான். 2020 மார்ச் கடைசியில், ஒரு சீன நிறுவனம் ஒரு நாட்டுக்கு ஒரே தடத்தில் வாரம் ஒரு நடைதான் விடலாம் என்று அரசு கட்டுப்பாடு போட்டது. ஒரு நடைதான் என்றால் இருப்பதில் பெரிய வண்டியைத்தானே எடுப்போம்? மற்றவர்களின் ஏ380-கள் எஞ்சினுக்கு உறை போட்டு நிற்க, இவர்களுடையது பறந்தது. 2022 முடிவதற்குள் ஐந்தும் ஓய்வு.

இவர்களுடைய நிஜமான கெட்டிக்காரத்தனத்தைப் பார்க்க சீனாவின் வடமேற்கே சின்ஜியாங்கில் இருக்கும் உரும்சிக்குப் போக வேண்டும். குவாங்சோவிலிருந்து அங்கே போகவே ஐந்து மணி நேரத்துக்கு மேல். ஆனால் அங்கே மாறி ஏறினால் அல்மாட்டி, பிஷ்கெக், தாஷ்கண்ட், துஷான்பே என்று மத்திய ஆசிய நகரங்களெல்லாம் சாதாரண சின்ன போயிங் 737-க்கே எட்டும் தூரம். குவாங்சோவின் கான்டன் சந்தைக்குச் சரக்கு பார்க்க வரும் பிஷ்கெக் வியாபாரிக்கு இரண்டு மாடி விமானம் எதற்கு? அவருக்கு வேண்டியது வாரத்தில் பல நாள் கிளம்புகிற சின்ன விமானம், கூடவே ஊர் திரும்பும்போது மூட்டைக்கு இடம்.

தம்பி, விமானம் காட்டும் செயலியில் உரும்சிப் பக்கம் ஒரு தரம் பார். அங்கேயும் பெய்ஜிங் கடிகாரம்தான், குளிர்காலத்தில் ஒன்பதரை தாண்டித்தான் விடியும். காலையின் முதல் விமானங்கள் கும்மிருட்டில் கிளம்பிக்கொண்டிருக்கும். ஏ380 ஒன்றுகூட இருக்காது.