கலாவ்பாபாவின் எண்ணாயிரம் பெயர்கள்

தந்தை தமியானின் பெயரைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் நன்கு அறிவார்கள். தொழுநோய் ஒழிப்புப் பணியில் இருப்பவர்களுக்குச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் தமியான் அறக்கட்டளை வழியாகவும் அந்தப் பெயர் பழக்கமானதே. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மொலோக்காயின் கலாவ்பாபாவில் தொழுநோயாளிகளோடு வாழ்ந்து, அந்நோய்க்கே ஆளாகி இறந்த பெல்ஜியத் துறவி அவர் என்பதும் பலருக்குத் தெரியும். ஆனால் அவர் யாருக்காக அங்கே போனாரோ, அந்த மக்களில் ஒருவரின் பெயரைக் கேட்டால் நம்மிடம் விடை இருப்பதில்லை. 1866 முதல் 1969 வரை அந்த இடத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் ஏறத்தாழ 8,000 பேர்; அவர்களில் பெரும்பாலோர் ஹவாயின் பூர்வகுடிகள். இவர்களை நினைவுகூர வேண்டியது தமியானின் கதைக்குப் பின்னணியாக அல்ல, தனித்தனி மனிதர்களாகப் பெயர் சொல்லித்தான் என்பது என் உறுதியான கருத்து.

1778இல் ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் கப்பல்கள் வந்த பிறகு, வெளியிலிருந்து வந்த நோய்கள் அம்மக்களைத் தலைமுறை தலைமுறையாக அழித்துக்கொண்டிருந்தன. 1853இல் வந்த பெரியம்மை ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. இந்த அச்சத்தின் நடுவே, 1865 சனவரியில் ஐந்தாம் கமேஹமேஹா மன்னர் தொழுநோய் பரவுவதைத் தடுக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். நோய் இருப்பதாக ஐயுறப்படுபவரைப் பிடித்து வந்து பரிசோதிக்கவும், நோய் உறுதியானால் குடும்பத்திலிருந்து பிரித்து அனுப்பவும் அரசுக்கு அதிகாரம் கிடைத்தது. அதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் மொலோக்காயின் வடகரையில் உள்ள கலாவ்பாபா தீபகற்பம். மூன்று பக்கமும் கொந்தளிக்கும் கடல். நான்காவது பக்கம் 1,600 அடிக்கு மேல் செங்குத்தாக எழும் மலைச்சுவர். அங்கே காலங்காலமாகக் குடியிருந்த மீனவர்களும் உழவர்களும் தங்கள் நிலத்தைப் படிப்படியாக இழந்து, 1895இல் எஞ்சியவர்களும் வெளியேற்றப்பட்டார்கள் என்பதை இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் பலர் விட்டுவிடுகிறார்கள்.

1866 சனவரி 6ஆம் நாள் ஒன்பது ஆண்களும் மூன்று பெண்களுமாக முதல் 12 பேர், தீபகற்பத்தின் கிழக்கு ஓரமான கலாவாவோவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். நோயாளிகள் தாங்களே பயிரிட்டு உண்டுகொள்வார்கள் என்பது அரசின் கணக்கு. விரல்களை நோய் தின்றுகொண்டிருக்கும் மனிதர்கள் குளிர்காற்று வீசும் அந்தக் கரையில் நிலத்தைக் கொத்தி விளைவிப்பார்கள் என்று எதிர்பார்த்தவர்களுக்கு, அவர்கள் உயிரோடிருப்பதில் எவ்வளவு அக்கறை இருந்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

தமியான் வரும்வரை அங்கே ஒழுங்கற்ற, ஆளுக்காள் அடித்துக்கொள்ளும் கூட்டமே இருந்தது என்ற சித்திரம் நெடுங்காலமாகப் பரப்பப்பட்டுவருகிறது. பசியும் வன்முறையும் இருந்தது உண்மை. ஆனால் முதல் கப்பல் வந்த அதே ஆண்டின் இறுதிக்குள், நோயாளிகள் 35 பேர் சேர்ந்து சிலோவாமா என்ற திருச்சபையைத் தாங்களாகவே நிறுவிவிட்டார்கள். தமியான் வந்ததோ 1873 மே மாதத்தில். 'கோகுவா' என்று அழைக்கப்பட்ட துணையாளர்களும் இருந்தார்கள். நோய் இல்லாதிருந்தும், கணவனையோ மனைவியையோ பெற்ற பிள்ளையையோ தனியே விட மனமின்றிக் கூடவே வந்தவர்கள் இவர்கள். மார்மன் என்ற கிறித்தவச் சபையைச் சேர்ந்த ஜோனதன் நாபேலா தம் மனைவி கிட்டியோடு 1873இல் அப்படி வந்தவர். பின்னர் அவரையும் நோய் பற்றியது. 1879இல் அங்கேயே இறந்தார். தமியான் செய்த தியாகத்தை அவருக்கு முன்னும் பின்னும் எத்தனையோ மனைவிமாரும் கணவன்மாரும் எந்தப் புகழும் இன்றிச் செய்திருக்கிறார்கள். இதனால் தமியானின் பெருமை சற்றும் குறையாது. சவப்பெட்டி செய்து, குழி வெட்டி, தேவாலயத்தை விரிவாக்கி, 1889இல் தம் 49ஆம் வயதில் அம்மக்களில் ஒருவராகவே இறந்த மனிதர் அவர். மக்களிடமிருந்து பிரித்து உயரத்தில் வைப்பது அவருக்கே உவப்பாக இருந்திராது என்று நம்புகிறேன்.

இந்தச் சட்டம் நோயைவிடக் கொடிதாகத் தாக்கியது குடும்பத்தைத்தான். தொழுநோய் மணமுறிவுக்குச் சட்டபூர்வமான காரணமாக்கப்பட்டது. கலாவ்பாபாவில் பிறந்த குழந்தைகள் பெற்றோரிடமிருந்து எடுத்துச் செல்லப்பட்டு, உறவினரிடமோ விடுதிகளிலோ வளர்க்கப்பட்டார்கள். காவாய் தீவில் மாடு மேய்க்கும் தொழில் செய்த தொழுநோயாளி கோஓலாவ், மனைவி பீஇலானி தன்னுடன் வர அனுமதி இல்லை என்று அறிந்ததும் நாடுகடத்தலுக்கு உடன்பட மறுத்து, அவரோடும் மகனோடும் கலாலாவ் பள்ளத்தாக்கில் ஒளிந்தார். பிடிக்க வந்த துணை ஷெரீப்பை 1893இல் சுட்டுக்கொன்றார். அடுத்து வந்த படையினராலும் அவரைப் பிடிக்க முடியவில்லை. மகனும் கணவனும் நோயால் இறக்க, இருவரையும் தன் கையாலேயே புதைத்துவிட்டு பீஇலானி தனியாக ஊர் திரும்பினார். அவர் சொன்ன வரலாறு 1906இல் ஹவாய் மொழியிலேயே அச்சாகியது. அந்தப் பெண்ணின் துணிவைப் பற்றி நாம் இன்னும் நிறையப் பேச வேண்டும்.

நோர்வே மருத்துவர் ஹான்சன் 1873இல் நோய்க்கிருமியைக் கண்டறிந்தார். பெரும்பாலான மனிதர்களுக்கு இந்நோயை எதிர்க்கும் ஆற்றல் இயல்பிலேயே உண்டு என்பதும், இது எளிதில் தொற்றுவதில்லை என்பதும் பின்னர் தெளிவாயின. நம் சித்த மருத்துவம் அறிந்த நீரடிமுத்துக்கு நெருங்கிய உறவான சால்மூக்ரா மரத்தின் எண்ணெய் தொழுநோய்க்கு மருந்தாகப் பயன்பட்டது; அதை ஊசி வழியாக உடலில் செலுத்தத்தக்கதாக மாற்றும் வழியைக் கண்டவர் ஹவாய்க் கல்லூரியில் பணியாற்றிய கறுப்பின வேதியியலாளர் ஆலிஸ் பால். அவர் 1916இல் தம் 24ஆம் வயதிலேயே இறந்துவிட்டார். சல்ஃபோன் மருந்துகள் 1946இல் கலாவ்பாபாவுக்கு வந்து நோயைக் கட்டுப்படுத்தின. ஆனால் கட்டாயத் தனிமைச் சட்டம் நீக்கப்பட்டது 1969இல்தான். இடைப்பட்ட 23 ஆண்டுகளை அறியாமையின் கணக்கில் எழுத முடியாது. அது அரசின் மெத்தனம். அதற்கு விலை கொடுத்தவர்கள் குணமடைந்த பின்னும் கைதிகளாக வைக்கப்பட்ட மனிதர்கள்.

அவர்களை இரக்கத்துக்குரியவர்களாக மட்டும் பார்ப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுண்டு. 1897இல், ஹவாயை அமெரிக்காவோடு இணைப்பதை எதிர்த்துத் தீவுகள் முழுவதும் 21,000க்கும் மேற்பட்டோர் மனுவில் கையெழுத்திட்டபோது, கலாவ்பாபாவிலிருந்தும் நூற்றுக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். தம்மை ஒதுக்கி வைத்த நாட்டின் உரிமைக்காக, நோய் பற்றிய கைகளால் தம் பெயரை எழுதிக் கொடுத்தவர்கள் அவர்கள். அந்தப் பெயர்கள் அரசு ஆவணங்களில் இன்றும் இருக்கின்றன.

பெரும்பாலானோரின் கல்லறைகளில் அவை இல்லை. 8,000 பேரில் அடையாளமுள்ள கல்லறை வாய்த்தவர்கள் 1,300 பேருக்கும் குறைவு. 1946இல் வந்த ஆழிப்பேரலை கல்லறைகள் சிலவற்றையும் கொண்டுபோனது. தமியானின் உடல் 1936இல் மரியாதையோடு பெல்ஜியத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டது; அவருடைய வலக்கை 1995இல் அதே மரியாதையோடு கலாவாவோவுக்குத் திரும்பி வந்தது. அவர் அடக்கம் செய்த மக்களில் பெரும்பாலோரின் எலும்புகள் எங்கே கிடக்கின்றன என்று காட்ட ஒரு கல்கூட இல்லை.

இந்தக் குறையைத் தீர்க்க முன்வந்தவர்களும் நோயாளிகளே. அவர்களும் உறவினரும் நண்பர்களும் சேர்ந்து 2003இல் 'கா ஓஹானா ஓ கலாவ்பாபா' என்ற அமைப்பை உருவாக்கினார்கள். சிறுவனாக இருந்தபோதே குடும்பத்திடமிருந்து பிரிக்கப்பட்ட பெர்னார்ட் புனிகைஆ அதன் முன்னணியில் நின்றார். எல்லாப் பெயர்களையும் பொறித்த நினைவகம் ஒன்றைக் கலாவ்பாபாவிலேயே கட்ட இசைவளிக்கும் அமெரிக்கச் சட்டம் 2009 மார்ச்சில் கையெழுத்தானது. புனிகைஆ அதே ஆண்டின் தொடக்கத்தில் இறந்துவிட்டார். நினைவகத்தைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் அதைக் காணாமலேயே போய்விட்டார்கள்.

தேசிய வரலாற்றுப் பூங்காவாக 1980இல் அறிவிக்கப்பட்ட அந்த இடத்தின் எதிர்காலம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் சுற்றுலா பற்றிய பேச்சும் எழுகிறது. எத்தனை பேரை உள்ளே விடுவது என்று முடிவுசெய்யும் முன் பெயர்களைப் பொறிக்க வேண்டும். பெயர்களைச் சமயவாரியாகவோ இனவாரியாகவோ பிரிக்காமல் ஒரே வரிசையில் வைக்க வேண்டும். குடும்பத்துக்கு அவப்பெயர் வரக்கூடாதென்று மாற்றுப் பெயரில் வாழ்ந்தவர்களுக்கு, வழித்தோன்றல்கள் இசைந்தால் இரண்டு பெயர்களையும் பொறிக்கலாம். அக்கால ஹவாய் வழக்கப்படி ஒற்றைப் பெயர் மட்டுமே கொண்டிருந்தவர்கள் பலர் இருப்பார்கள். ஒரே பெயர் பத்து முறை வந்தால் பத்து முறையும் பொறித்து, ஒவ்வொன்றின் அருகிலும் அவர் வந்து சேர்ந்த ஆண்டைக் குறிக்க வேண்டும். சட்டம் தங்களை வற்புறுத்தாதபோதும் தாமாகவே வந்த கோகுவாக்களுக்கும் அந்தச் சுவரில் இடம் வேண்டும்.