சாளரம் இல்லாத நிரலும் பேச வேண்டும்

விண்டோஸில் சாளரம் எதையும் காட்டாமல் ஓடும் ஒரு சிறு நிரலை எழுதுவது எளிது. அது ஓடிக்கொண்டிருக்கிறதா, நின்றுவிட்டதா என்று பயன்படுத்துபவருக்குத் தெரியும்படி எழுதுவதுதான் கடினம். நம்மில் பலர் இந்த இரண்டாவது வேலையைத் தொடாமலே விட்டுவிடுகிறோம்.

சாளரத்தை மறைப்பது ஓர் எண்ணில் முடிந்துவிடுகிற காரியம். விண்டோஸில் நேரடியாக ஓடும் நிரல்களான இஎக்ஸ்இ கோப்புகள் ஒவ்வொன்றின் தலைப்பகுதியிலும் ‘சப்சிஸ்டம்’ என்றொரு இடம் உண்டு; அதில் 3 இருந்தால், சுட்டியால் தட்டித் திறக்கும்போது நிரலின் எழுத்து வெளியீட்டைக் காட்டும் கருப்புச் சாளரமான கன்சோலும் கூடவே வரும், 2 இருந்தால் வராது. பைத்தான் மொழியில் எழுதிய நிரல்களை ஓட்ட, கன்சோலுடன் பைத்தான்.இஎக்ஸ்இ, கன்சோல் இல்லாமல் பைத்தான்டபிள்யூ.இஎக்ஸ்இ என்று இரண்டு கோப்புகள் இருப்பதும் இதற்காகத்தான்.

என் கோப்புகளை இரவுதோறும் வேறொரு டிஸ்க்கில் நகலெடுக்கும் நிரலை இந்த இரண்டாவது வழியில்தான் ஓடவிட்டிருந்தேன். பல வாரங்கள் கழித்துப் பழைய கோப்பு ஒன்றைத் தேடிப் போனபோதுதான், டிஸ்க்குக்கு விண்டோஸ் தரும் அடையாள எழுத்து (D:, E: போன்றது) மாறியிருந்ததையும், அன்று முதல் ஒரு கோப்புகூட நகலாகவில்லை என்பதையும் கண்டேன். பைத்தான்டபிள்யூவில் ஓடும் நிரலுக்கு வழக்கமான வெளியீட்டு வழியும் பிழை வழியும் வெறுமையாகவே இருக்கும். ஆகவே திரையில் எழுதச் சொல்லும் பிரிண்ட் வரிகள் சத்தமின்றி மறைகின்றன. நிரல் பிழையால் விழுந்தாலும் அதைச் சொல்லும் செய்தி போய்ச்சேர ஓர் இடமில்லை. கன்சோலை எடுக்கும்போது நிரலின் வாயையும் சேர்த்தே அடைத்துவிடுகிறோம்.

எனவே நிரல் தான் செய்வதையும் பிழைகளையும் குறித்துவைக்கும் லாக் கோப்புதான் முதலில் எழுதப்பட வேண்டியது என்பது என் உறுதியான கருத்து. பிழை வந்தால் செய்திப் பெட்டி காட்டிக்கொள்ளலாம் என்பவர்கள், நிரலை விண்டோஸ் சர்வீஸாக (விண்டோஸே பின்னணியில் ஓட்டும் நிரலாக) மாற்றும் நாளில் ஏமாறுவார்கள்: விண்டோஸ் விஸ்டா பதிப்பு முதல் சர்வீஸ்கள் 0 என்ற தனி அமர்வில் ஓடுவதால், அங்கே திறக்கும் பெட்டி நம் திரைக்கு வருவதில்லை.

கண்ணுக்குத் தெரியாத நிரலை மக்கள் இரண்டு முறை திறந்துவிடுவதும் இயல்பு. பெயரிட்ட மியூடெக்ஸ் (நிரல்கள் பொதுவாகப் பார்க்கக்கூடிய ஒரு பூட்டு) ஒன்றை உருவாக்கிப் பார்த்து, அது ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்லும் 183 என்ற பிழை எண் வந்தால் இரண்டாவது நகல் விலகிக்கொள்ளும்படி செய்யலாம்.

நிறுத்தும் வழியையும் நாமே தர வேண்டும்; ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் டாஸ்க் மேனேஜரில் தேடிக் கொல்லச் சொல்வது வழியாகாது, ஏனெனில் பாதி எழுதிய கோப்போடு நிரல் சாகலாம். கடிகாரத்தின் அருகே ஒரு சிறு ஐகானும், அதில் ‘வெளியேறு’ என்ற ஒரு வரியும் போதும்.

இப்போது என் நிரல் ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் அந்தத் தேதியை ஒரு கோப்பில் எழுதுகிறது. நான் கணினியில் நுழையும்போது இன்னொரு சிறு நிரல் அதைப் படித்துப் பார்க்கிறது; தேதி 2 நாளுக்கு மேல் பழையதாக இருந்தால் மட்டும் அது ஒரு சாளரத்தைத் திறக்கும்.