மாத்திரை தூக்கத்தைக் குடுத்துச்சு, பயம் அப்படியே இருந்துச்சு

எனக்கு மூணு வயசுல அம்மா நர்ஸ் வேலைக்கு குவைத் போனாங்க. முழிச்சிருந்தா புள்ள அழும்னு நான் தூங்கும்போது சொல்லாமலே கிளம்பிட்டாங்க, நம்ம ஊர்ல எல்லாரும் செய்யுறதுதான். ரெண்டு வாரத்துல "புள்ள பழகிருச்சு, அம்மாவ தேடுறதே இல்ல"ன்னு ஆச்சி சொன்னாங்களாம்.

அந்த "பழகிருச்சு"தான் விஷயமே. லண்டன்ல ஜான் பௌல்பின்னு ஒரு மனநல டாக்டரும் அவர்கூட வேலை பார்த்த ஜேம்ஸ் ராபர்ட்சனும், ஆஸ்பத்திரில அம்மாவப் பிரிஞ்சு கெடந்த சின்னப் பிள்ளைங்கள நாள்கணக்கா கவனிச்சாங்க. முதல்ல அழுது அடம்பிடிக்கும், அப்புறம் சோர்ந்துரும், அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும், அம்மா வந்தாக்கூட முகத்த திருப்பிக்கும். வார்டுல எல்லாரும் புள்ள சமாதானமாயிடுச்சுன்னு நெனச்சாங்க, இவங்க ரெண்டு பேரும்தான் "இல்ல, அது மனசுல பட்ட காயம்"னு சொன்னாங்க. 1952ல ராபர்ட்சன் அத படமாவே எடுத்துக் காட்டினார்.

எனக்கு 29 வயசுல தூக்கமே போச்சு. டாக்டர் குடுத்த மாத்திரைல தூக்கம் வந்துச்சு, கை நடுக்கம் நின்னுச்சு. ஆனா ராத்திரி மூணு மணிக்கு முழிச்சு பக்கத்துல வீட்டுக்காரர் இருக்காரான்னு தொட்டுப் பாப்பேன், அவர் போன் எடுக்கலன்னா இவர் விட்டுப்போறதுக்கு முன்னாடி நானே போயிடுறேன்னு துணிய எடுத்து பைல வைப்பேன், டோஸ் ஏத்தியும் இது மட்டும் மாறல.

அப்புறம்தான் தெரபி, அதாவது வாராவாரம் உக்காந்து பேசுற மனநல சிகிச்சை, ஆரம்பிச்சேன். எட்டாவது மாசம், தெரபிஸ்ட் ரெண்டு வாரம் லீவு போனாங்க. எப்ப வருவேன்னு தேதியோட முன்னாடியே சொல்லித்தான் போனாங்க, அப்பவும் "இனி நான் வரல"ன்னு மெசேஜ் போட்டுட்டேன். சொன்ன தேதிக்கு வந்து அவங்களே கூப்பிட்டாங்க. "என்மேல கோபமா இருந்தா இங்க சொல்லலாம்"னாங்க. அன்னிக்கு ஒரு மணி நேரமும் அழுதேன். போனவங்க திரும்பி வந்தாங்க, நான் கோபப்பட்டும் விட்டுட்டுப் போகல, இத எந்த மாத்திரை எனக்குக் குடுத்திருக்கும்?

மாத்திரைய யாரும் டாக்டரக் கேக்காம நிறுத்திடாதீங்க, நான் இன்னும் பாதி டோஸ் எடுக்குறேன், அது இல்லன்னா உக்காந்து பேசவே தெம்பு இருந்திருக்காது. என் ஆதங்கம், பத்து நிமிஷத்துல சீட்டு எழுதினவங்க ஒருத்தர்கூட சின்ன வயசுல என்ன நடந்துச்சுன்னு கேக்கலைங்கிறதுதான். 14416ன்னு அரசோட மனநல உதவி எண் இருக்கு, டெலிமானஸ்னு பேரு, அதுல இலவசமா தமிழ்லயே பேசலாம், ஆனா வாராவாரம் அதே ஆள் முன்னாடி உக்காந்து பேசுறதுக்கு அது ஈடாகாதுங்க, அரசு ஆஸ்பத்திரிலயே அதுக்கு ஆள் போடணும்.

அம்மாகிட்ட இன்னும் பேசல. தீபாவளிக்கு ஊருக்குப் போறேன். அன்னிக்கு என்ன எழுப்பாம வாசப்படி இறங்கும்போது அவங்களுக்கு எப்படி இருந்துச்சுன்னு கேக்கணும்.