கணித ஆசிரியர் இல்லையென்றால் இசுறுபாயவுக்கு ஓடாதீர்கள்

கொழும்பில் தமிழ்மொழிமூலத்தில் பிள்ளை படிக்கும் வீடுகளில் இது வழக்கமாகவே போய்விட்டது. கணிதத்துக்கோ விஞ்ஞானத்துக்கோ ஆசிரியர் இல்லையென்றால் மத்திய கல்வி அமைச்சு இருக்கும் பத்தரமுல்லை இசுறுபாயவுக்கு ஒரு கடிதம், அமைச்சருக்கு ஒரு பிரதி, தெரிந்த எம்பிக்கு இன்னொரு பிரதி. பாடசாலை மாகாணத்துக்கு உரியதென்றால் அந்தக் கடிதம் மேசை மேசையாய்ச் சுற்றி மாகாணத் திணைக்களத்துக்கே வந்து சேரும். அதற்குள் ஒரு தவணை முடிந்துவிடும்.

1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்துக்குப் பிறகு பாடசாலைகளுக்கு இரண்டு வீட்டுக்காரர்கள். தேசிய பாடசாலைகள் மத்திய கல்வி அமைச்சிடம், மற்றதெல்லாம் மாகாணத்திடம். நாட்டில் 10,000க்கு மேற்பட்ட அரச பாடசாலைகள் இருக்க, தேசிய பாடசாலைகள் 400 அளவில்தான். ரோயல், டீ.எஸ். சேனாநாயக்க, இசிபத்தன போன்றவற்றின் தமிழ்ப் பிரிவுகளுக்கு இசுறுபாயதான் சரியான வாசல். மாகாணப் பாடசாலைக்கு வழி வேறு: அதிபர், கோட்டக் கல்வி அலுவலகம், வலயக் கல்வி அலுவலகம், பிறகு மாகாணக் கல்வித் திணைக்களம். மேல் மாகாணத்தில் 11 வலயங்கள், அதில் கொழும்பு மாவட்டத்துக்கு நாலு: கொழும்பு, ஸ்ரீ ஜயவர்தனபுர, ஹோமாகம, பிலியந்தலை. பாடத்திட்டமும் பாடநூலும் பொதுப் பரீட்சையும் மத்தியின் கையில். வகுப்பில் யார் நின்று படிப்பிப்பது என்பதை மாகாணம் தீர்மானிக்கும். 2019 ஏப்ரலில் மேல் மாகாண சபையின் காலம் முடிந்தது, பிறகு தேர்தலே இல்லை. ஆகவே மாகாண சபை உறுப்பினரைப் பிடித்துக் காரியம் பார்க்கும் பழைய வழியும் அடைபட்டுவிட்டது.

ஆசிரியர் பற்றாக்குறை என்று எல்லோரும் ஒரே சொல்லில் முடிக்கிறார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் பாதிப் பிரச்சினை ஆளணிக் கணக்கில், அதாவது பாடசாலைக்கு அனுமதித்த ஆசிரியர் எண்ணிக்கைக் கணக்கில் கிடக்கிறது. இரு மொழிமூலமும் உள்ள ஒரு பாடசாலையை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்களப் பிரிவில் கணிதத்துக்கு ஐந்து பேர், தமிழ்ப் பிரிவில் ஒருவருமில்லை என்று வைப்போம். மொழிமூலம் பிரிக்காமல் பட்டியல் போட்டால் அங்கே "கணிதம் 5" என்றுதான் நிற்கும், ஓட்டை தெரியாது. அடுத்தது தற்காலிக இணைப்பு, அதாவது பெயர் ஒரு பாடசாலையில், வேலை இன்னொன்றில். மலையகத்திலிருந்தோ வடக்கு கிழக்கிலிருந்தோ நியமனம் பெற்று வருகிறவருக்குக் கொழும்பில் அறை வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாது. ஊருக்குக் கிட்ட எங்காவது இணைப்பு வாங்கிக்கொண்டு போய்விடுவார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் பெயர் இந்தப் பாடசாலையின் ஆளணியிலேயே கிடப்பதால் வெற்றிடம் என்று ஒன்று பதிவாகாது, பதிலுக்கு ஆள் கேட்கவும் முடியாது. மூன்றாவது, உடற்கல்வி ஆசிரியர் கணித நேரசூசியில் நிற்பது. தலைக்கணக்கு சரி, பாடக்கணக்கு பிழை.

இதனால்தான் "ஆசிரியர் தாருங்கள்" என்று மொட்டையாக எழுதும் கடிதத்துக்கு "ஆளணி பூரணமாக உள்ளது" என்ற பதில் வருகிறது. முதலில் கணக்கைக் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வலயக் கல்வி அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு எழுதலாம். தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. கேட்க வேண்டியது நாலே விடயம்: இந்தப் பாடசாலையின் தமிழ்மொழிமூலத்துக்குப் பாடவாரியாக அங்கீகரிக்கப்பட்ட ஆளணி, இப்போது சேவையில் உள்ளவர்கள், அவர்களில் வேறிடத்துக்கு இணைக்கப்பட்டவர்கள், நியமனப் பாடத்தை விட வேறு பாடம் படிப்பிப்பவர்கள். ஆட்களின் பெயர் கேட்காதீர்கள், எண்ணிக்கை போதும். பெயர் கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று மறுக்க இடம் கிடைத்துவிடும். கையில் கொடுத்தால் திகதியிட்ட பற்றுச்சீட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் பதிவுத் தபால். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் மேலே தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. அந்தப் பதிலை இணைத்துப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கடிதத் தலைப்பில் மாகாணப் பணிப்பாளருக்கு எழுதும் கடிதம், முந்தியதைப்போல் ஒரு வரியில் திரும்பி வராது.

மாகாணப் பாடசாலையைத் தேசிய பாடசாலையாக்கினால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கை எனக்குக் கிடையாது. 1000 தேசிய பாடசாலைத் திட்டத்தில் பல இடங்களில் பெயர்ப்பலகைதான் முதலில் வந்தது. பக்கத்து மாகாணப் பாடசாலையில் உபரியாக நிற்கும் ஆசிரியரை வலயம் தன் அதிகாரத்தில் தேசிய பாடசாலைக்கு மாற்ற முடியாது. மாகாண சேவையிலிருந்து விடுவிப்பு வேண்டும், அந்தக் கோப்பு நகர நாளெடுக்கும்.

தரம் 1 அனுமதிக்கு வருவோம். சுற்றறிக்கையின்படி அண்மையில் வசிப்போருக்கு 50%, பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25%, சகோதரர் படிப்பவர்களுக்கு 15%, மீதி 10% கல்வித்துறை ஊழியர், இடமாற்றம் பெற்ற அரச ஊழியர், வெளிநாட்டிலிருந்து திரும்பியோர் என்று பிரியும். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் வாடகைக்கு இருப்பவர்கள் சறுக்குவது முதல் வகையில்தான். வீடு பாடசாலை மதிலோடு ஒட்டி இருந்தாலும் வாக்காளர் இடாப்பில் அந்த முகவரியில் பெயர் இல்லையென்றால் புள்ளி போய்விடும். பார்ப்பது 5 வருட இடாப்பு. பிள்ளை பிறந்த வருடமே கிராம உத்தியோகத்தரிடம் பதிந்து, வருடா வருடம் பெயர் இருக்கிறதா என்று சரிபாருங்கள். வாக்கு ஊரில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டு இங்கே பாடசாலை தேடுவது சரிவராது.

உயர்கல்வியில் மாகாணத்துக்குக் கையே இல்லை. கொழும்பு, ஸ்ரீ ஜயவர்தனபுர, களனி, மொறட்டுவை, நாவலை திறந்த பல்கலைக்கழகம் எல்லாம் மேல் மாகாண மண்ணில் இருந்தாலும் அனுமதி பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வழியாக. பொதுவான பங்கீடு: அகில இலங்கைத் திறமைக்கு 40%, மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி 55%, பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக 5%. கொழும்பு அந்தப் பின்தங்கிய பட்டியலில் இல்லை.

சாதாரண தரம் முடித்த பிள்ளையை ஹட்டனிலிருந்தோ மன்னாரிலிருந்தோ கொழும்புக்குக் கொண்டுவந்து உயர்தரத்தில் சேர்ப்பவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். பாடசாலைப் பரீட்சார்த்திக்கு மாவட்டம் தீர்மானிக்கப்படுவது சொந்த ஊரை வைத்து அல்ல. பரீட்சைக்கு முந்திய 3 வருடங்களில் எந்த மாவட்டப் பாடசாலையில் கூடிய காலம் படித்தார் என்பதை வைத்து. இரண்டு வருடம் இங்கே படித்தால் பிள்ளை கொழும்பு மாவட்டக் கணக்கில் போட்டி போடும். உயிரியலோ பௌதிக விஞ்ஞானமோ என்றால் முந்திய வருட வெட்டுப்புள்ளிப் பட்டியலில் கொழும்பு நிரலையும் நுவரெலியா நிரலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ரியூசனுக்காக வந்தது இலாபமா நட்டமா என்று அங்கேயே தெரியும். கலைப் பிரிவுக்காரருக்கு இந்தத் தலையிடி குறைவு, அங்கே பெரும்பாலும் அகில இலங்கைத் திறமைதான் எடுபடும்.