இலையில் ஓட்டை விழட்டும்

நாட்டுச் செடிகளை வைத்துப் பொதுத் தோட்டம் அமைப்பது பற்றிய கூட்டம் ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். எந்தப் பூ என்ன நிறம், எப்போது பூக்கும் என்பதிலேயே நேரம் போய்விட்டது. இலையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. என்னைக் கேட்டால், இலையிலிருந்துதான் திட்டமே தொடங்கவேண்டும்.

பட்டாம்பூச்சி தேனுக்கு எத்தனையோ பூக்களைத் தேடிப் போகும். முட்டையிட மட்டும் அதற்கென்று செடி வேண்டும். வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சி தேடுவது எருக்கையும் அதன் உறவுச் செடிகளையும்தான். சமீபத்தில் ஓர் எருக்கிலையைத் திருப்பிப் பார்த்தேன். உடம்பெல்லாம் கருப்பு வெள்ளை வரி, முதுகில் மஞ்சள் பொட்டு, மூன்று ஜோடிக் கருங்கொம்புகளோடு ஒரு புழு, இலை விளிம்பை அரைவட்டமாகத் தின்றுகொண்டிருந்தது. ரொம்ப நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

புழு இல்லாத இடத்தில் பல பறவைகளின் குஞ்சும் வளராது. வட அமெரிக்காவின் சிக்கடி, நம் உள்ளங்கைக்குள் அடங்கும் பறவை. அது ஓர் ஈட்டுக் குஞ்சுகளை வளர்க்க 6,000 முதல் 9,000 புழுக்கள் வரை தேவை என்கிறார் பூச்சியியலாளர் டக் டாலமி. அத்தனையும் ஏதோ ஒரு இலையைத் தின்று வளர்ந்தவை! மருந்தடித்த தோட்டத்தில் அந்தக் கூடு என்னாகும்?

மண்ணையும் கொஞ்சம் விட்டுவையுங்கள். தேனீ இனங்களில் பெரும்பாலானவை தனியாக மண்ணில் வளை தோண்டி வாழ்பவை. மூலை முடுக்கெல்லாம் சருகும் வைக்கோலும் பரப்பி மூடாக்கு போட்டுவிட்டால் அவை எங்கே போகும்?

மனிதர்கள் விஷயம்தான் கடினம். காய்ந்த தண்டும் கடிபட்ட இலையும் கவனிப்பாரற்ற இடம்போலத் தெரியும். புகார் போகும், யாராவது வந்து மொத்தத்தையும் வழித்துவிடுவார்கள். நிலவடிவமைப்பாளர் ஜோன் நாசவர் 1995லேயே இதற்கு வழி சொன்னார்: உள்ளே காடுபோல இருக்கட்டும், ஓரத்தை ஒழுங்காக வையுங்கள். நம் தோட்டத்துக்கு என்றால், வெட்டிவிட்ட புல் விளிம்பு, நல்ல பெஞ்ச், இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே போக 1.8 மீட்டர் பாதை. இவை இருந்தால், பார்த்துப் பார்த்துச் செய்த இடம் இது என்று யாருக்கும் புரியும்.

அதனால் கூட்டத்தில் நான் கேட்டது ஒன்றே ஒன்று. எருக்கைப் பின்மூலையில் ஒளித்து வைக்காமல் பெஞ்சுக்கு எதிரே நடுங்கள். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, ஆகவே குழந்தைகளுக்குக் கை எட்டாத, கண் எட்டும் தூரத்தில். பக்கத்தில் ஒரு பலகை: ‘இந்த ஓட்டைகளைப் போட்டது யார்? தொடாமல் தேடிப் பாருங்கள்.’